40 கஜத்தில் ஒரு சாண்

ஜூலை கடைசிச் சனிக்கிழமை மாலை. விஸ்கான்சின் மாநிலத்தில் ஆப்பிள்டனுக்கு வெளியே ஒரு சோளக்காட்டின் ஓரம். 40 கஜத்தில் நிறுத்திய நுரைக்கட்டையில் மூன்று அம்புகளை விட்டேன். மூன்றும் என் உள்ளங்கை மறைக்கும் இடத்துக்குள் போய் நின்றன. பயிற்சிமுனைகளைக் கழற்றிவிட்டு வேட்டைக்கான வெட்டுமுனைகளைத் திருகி, அதே புள்ளியைக் குறிபார்த்து மறுபடி மூன்று விட்டேன். அவை இடப்பக்கம் ஒரு சாண் விலகி, நான்கு விரல் தாழ்ந்து குத்தின. மூன்றாவது அம்பு வாலை ஆட்டிக்கொண்டே போனது கண்ணுக்கே தெரிந்தது.

இரண்டு வகை முனைகளும் 100 கிரெயின், அதாவது ஆறரை கிராம். வில் அதே வில், ஆள் அதே ஆள். வில்வேட்டைக் காலம் செப்டம்பர் நடுவில் தொடங்கிவிடும். கையில் ஏழு வாரம் இருந்தது.

என்னுடையது காம்பவுண்டு வில். இழுவிசை 60 பவுண்டு, இழுநீளம் 28.5 அங்குலம். மரவில்லை மட்டும் பார்த்தவர்களுக்காக ஒரு வார்த்தை: இந்த வில்லின் இரு முனைகளிலும் கேம் எனப்படும் கோணல் சக்கரங்கள் இருக்கின்றன. நாணை இழுக்க இழுக்கக் கனம் ஏறி, உச்சத்தைத் தாண்டியதும் சரிந்துவிடும். 60 பவுண்டு இழுத்தவன் கடைசியில் 12 பவுண்டை மட்டும் தாங்கிக்கொண்டு நிதானமாகக் குறிபார்க்கலாம். மிசௌரி மாநிலத்து ஹோலஸ் வில்பர் ஆலன் 1966-இல் விண்ணப்பித்து 1969-இல் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு இது. சுகமான ஏற்பாடுதான். ஆனால் இரண்டு கேம், ஒரு நாண், கேம்களைப் பிணைக்கும் இரண்டு கேபிள் என்று பாகங்கள் கூடியதால், கோணல் நுழைய வாசல்களும் கூடிவிட்டன.

முதலில் நான் செய்தது, எல்லோரும் செய்வதுதான்: வெட்டுமுனையைக் குறை சொன்னேன். கடைக்குப் போய் இன்னும் விலை கூடிய மூன்று முனைகளை வாங்கி வந்தேன். அவையும் அதே இடத்தில் குத்தின. குறிபார்க்கும் ஊசிகள் கொண்ட சைட்டை நகர்த்தி வெட்டுமுனைக்கு ஏற்றபடி வைத்துக்கொண்டால் போதும் என்றும் ஒரு யோசனை வந்தது. அதையும் செய்து பார்த்தேன். 20 கஜத்தில் சரியாக இருந்தது 40-இல் மறுபடி விலகியது. கோணலாகப் போகும் அம்புக்குக் குறியை மாற்றி வைப்பது, சாய்ந்த சுவருக்கு ஏற்றபடி ஜன்னலைச் சாய்த்து வைப்பதைப் போன்றது.

அப்புறம்தான் உட்கார்ந்து யோசித்தேன். அம்பின் பின்புறம் மூன்று பிளாஸ்டிக் இறகுகள் இருக்கின்றன. அவை சுக்கான் போல வாலைப் பிடித்து அம்பை நேராக்குகின்றன. பயிற்சிமுனை உருண்டையாக, தண்டின் பருமனிலேயே இருப்பதால் காற்று அதைப் பிடித்துத் திருப்புவதற்கு எதுவும் இல்லை. அம்பு வில்லை விட்டுக் கிளம்பும்போது கொஞ்சம் கோணலாக இருந்தாலும் இறகுகள் சில கஜத்துக்குள் சரிசெய்துவிடும். வெட்டுமுனையிலோ மூன்று தகடுகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அதாவது அம்பின் முன்பக்கத்திலும் ஒரு சுக்கான். நொடிக்கு சுமார் 255 அடி வேகத்தில், மணிக்கு 280 கிலோமீட்டர், காற்று அந்தத் தகடுகளில் மோதுகிறது. அம்பு நேராகக் கிளம்பினால் இரண்டு சுக்கான்களும் ஒத்துப்போகும். ஒரு பாகை கோணினாலும் முன்னால் இருப்பது ஒரு பக்கம் இழுக்க, பின்னால் இருப்பது மறுபக்கம் இழுக்கும். விலகல் தூரத்தோடு வளரும்: என் நோட்டில் 20 கஜத்தில் 5 செ.மீ., 30-இல் 11, 40-இல் 20.

பறக்கும்போது மூடியிருந்து, பட்டதும் விரியும் தகடுகள் கொண்ட முனைகளும் உண்டு. அவை பயிற்சிமுனை போலவே பறக்கும். அவற்றுக்கு மாறிவிட்டால் தலைவலி இல்லை என்று கடையில் சொன்னார்கள். தலைவலி தெரியாது என்பதுதான் உண்மை. கோணலாகக் குத்தும் அம்பு, தன் பலத்தில் ஒரு பங்கைப் பக்கவாட்டில் சிந்திவிட்டுத்தான் உள்ளே போகும். மானின் நுரையீரல் பகுதி ஒரு சாப்பாட்டுத் தட்டைவிடச் சிறியது. அதில் தவறினால் அந்த உயிர் படும் பாட்டுக்குக் கணக்கு நான்தான் சொல்ல வேண்டும். எனவே நிலையான மூன்று தகடுகள் உள்ள, 1 1/8 அங்குல அகல முனையையே வைத்துக்கொண்டேன். இம்மாநில விதிப்படி வெட்டுமுனை குறைந்தது 7/8 அங்குல அகலம் இருக்க வேண்டும், வில்லின் இழுவிசை 30 பவுண்டுக்குக் குறையக் கூடாது. இரண்டிலும் எனக்குச் சிக்கல் இல்லை.

(கோவையிலிருந்து தொலைபேசியில் பேசிய சித்தப்பா, "மானையா அடிக்கப் போகிறாய், போலீஸ் பிடிக்காதா?" என்று கேட்டார். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு நம் ஊரில் அது நியாயமான கேள்வி. இங்கே உரிமச் சீட்டு வாங்கி, விதித்த காலத்தில், விதித்த எண்ணிக்கையில் வேட்டையாடலாம் என்று விளக்கினேன். அவர் சமாதானமானதாகத் தெரியவில்லை.)

ஆகஸ்ட் முதல் வாரம் அம்புகளை மேசைக்குக் கொண்டுவந்தேன். என் பிழைப்பே இயந்திரப் பாகங்களை அளந்து, தேறாதவற்றைத் தள்ளுவது. கோவையில் ஒரு லேத் பட்டறையில் கற்ற வேலை. அப்படியிருந்தும் ஒரு வருடமாகச் சொந்த அம்புகளை அளக்கவில்லை என்பதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. வி-பிளாக் எனப்படும் V வடிவப் பள்ளமுள்ள தாங்கிகள் இரண்டின் மேல் அம்பைக் கிடத்தி, வெட்டுமுனையின் நுனிக்கு அருகே, நுண்ணிய அசைவையும் முள்ளால் காட்டும் டயல் கேஜின் ஊசியை வைத்துத் தண்டை மெதுவாக உருட்டினேன். 12 அம்புகளில் ஏழில் முள் அசைந்ததே தெரியவில்லை. ஒன்றில் கொஞ்சம் நடுங்கியது. மீதி நான்கில் முள் குதித்தது: ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு. முடியைவிட மூன்று நான்கு மடங்குதான். ஆனால் அம்பு சுழலும்போது அந்த நுனி வட்டம் போடுகிறது. கருவி இல்லாதவர்கள் முனையைக் கீழே வைத்துக் கண்ணாடி மேசைமேல் அம்பைப் பம்பரம் போல் சுழற்றிப் பார்க்கலாம். கோணல் இருந்தால் விரலில் அதிர்வு தெரியும்.

காரணம் தேடினேன். தண்டுகள் நேராகவே இருந்தன. வெட்டிய வாய்தான் தண்டுக்குச் செங்கோணமாக இல்லை. கார்பன் குழாயை அளவுக்கு வெட்டி, முனை திருகுவதற்கான உலோக இன்செர்ட்டை உள்ளே ஒட்டிக் கொடுத்தது நான் வாங்கிய கடை. அந்தக் கடையை நொந்து பயனில்லை. வாங்கிய அன்றே மேசைமேல் உருட்டிப் பார்த்திருக்க வேண்டியவன் நான்.

நல்லவேளையாகச் சூட்டில் இளகும் பசையால் ஒட்டியிருந்தார்கள். பழைய பயிற்சிமுனை ஒன்றைத் திருகி, அந்த முனையை மட்டும் சுடரில் காட்டினேன். சூடு முனை வழியாக இன்செர்ட்டுக்குப் போய்ப் பசை இளகியதும் குறடால் பிடித்து இழுத்தேன். சுடரைத் தண்டில் காட்டக் கூடாது. கார்பன் நார்களைப் பிணைத்திருக்கும் பிசின் வெந்துவிட்டால், அந்த அம்பு விடும் நேரத்தில் கைக்கருகிலேயே உடையலாம். பிறகு தண்டின் வாயில் வெள்ளி நிற மையைப் பூசி, தண்டை ஒரு தடத்தில் கிடத்தி, நுண்ணிய உப்புத்தாள் ஒட்டிய தட்டையான முகத்தில் உருட்டி உருட்டித் தேய்த்தேன். கோணலாக வெட்டிய வாயில் மை ஒரு பக்கம் மட்டும் அழிந்து, மறுபக்கம் பிறை போல மிஞ்சும். பிறை தேய்ந்து வட்டம் முழுவதும் கறுப்பாகும் வரை உருட்ட வேண்டும். கார்பன் தூசு நுரையீரலுக்கு ஆகாது. வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு, ஈரத்துணியை விரித்துச் செய்தேன்.

இந்த இடத்தில் ஆசை குறுக்கிட்டது. எப்படியும் மறுபடி ஒட்டப் போகிறோம், 16 கிரெயின் அலுமினிய இன்செர்ட்டுக்குப் பதிலாக 50 கிரெயின் பித்தளை போட்டால் என்ன? முன்புறம் கனமானால் அம்பு நிதானமாகப் பறக்கும் என்பது பொதுவான நம்பிக்கை, பெரும்பாலும் உண்மையும்கூட. பன்னிரண்டுக்கும் பித்தளை போட்டேன். அம்பின் மொத்த எடை 413 கிரெயினிலிருந்து 447-ஆனது, ஏறக்குறைய 29 கிராம். அம்பைக் கத்தியின் விளிம்புமேல் வைத்துச் சமநிலைப் புள்ளியைப் பார்த்தேன். 28 அங்குலத் தண்டில், நாணில் மாட்டும் வால்முனையான நாக்கின் பள்ளத்திலிருந்து 17.9 அங்குலத்தில் நின்றது. நடுவிலிருந்து 3.9 அங்குலம் முன்னால், அதாவது நீளத்தில் 14 விழுக்காடு. முன்பு 11 விழுக்காடு.

இங்கே ஸ்பைன் என்ற சொல்லை விளக்காமல் நகர முடியாது. அது தண்டின் விறைப்பு. 28 அங்குல இடைவெளியில் இரு தாங்கிகள் மேல் தண்டைக் கிடத்தி, நடுவில் 1.94 பவுண்டு எடையைத் தொங்கவிட்டால் எத்தனை அங்குலம் வளைகிறதோ, அதை ஆயிரத்தால் பெருக்கிய எண். 0.340 அங்குலம் வளைந்தால் 340. எண் குறைந்தால் விறைப்பு அதிகம். நாண் பின்னாலிருந்து உதைக்கும்போது ஒவ்வோர் அம்பும் வளைந்து நிமிர்ந்துதான் கிளம்புகிறது. முனை கனமானால் அந்த வளைவு கூடும், தண்டைக் குட்டையாக வெட்டினால் குறையும். என் தண்டுகள் 340. கனத்த பித்தளையைத் தாங்கும் அளவுக்கு விறைப்பு மிச்சம் இருந்தது. 400 ஆக இருந்திருந்தால் இந்த ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டியிருந்திருக்கும்.

பித்தளையைப் போட்ட அதே நாளில், பொறுமை இல்லாமல், அம்பைத் தாங்கும் ரெஸ்ட்டையும் கொஞ்சம் நகர்த்தினேன். அம்பு பறக்கும் விதம் மாறியது. நல்லதாகவா கெட்டதாகவா என்றே சொல்ல முடியவில்லை. என் மகளுக்கு 11 வயது. ஒவ்வொரு மாலையும் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து நோட்டில் எழுதுவது அவள் வேலை. பென்சிலை வாயில் கடித்துக்கொண்டு கேட்டாள்:

"அப்பா, இன்றைக்கு இரண்டு மாற்றம் செய்திருக்கிறீர்கள். எதனால் மாறியது என்று எழுதுவது?"

பதில் இல்லை. மூன்று மாலைகள் அப்படியே வீணாயின. ரெஸ்ட்டைப் பழைய கோட்டுக்கே கொண்டுபோய், பித்தளையை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி தொடங்கினேன். அன்று முதல் நோட்டில் 'மாற்றம்' என்ற கட்டத்துக்குள் ஒரு வரிக்கு மேல் எழுத இடம் விடாமல் கோடு போட்டுவிட்டாள்.

அடுத்து வில். சோளக்காட்டுக்குச் சொந்தக்காரரான பெரியவர், காகித ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இந்த ஃபாக்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கு முழுவதும் காகித ஆலைகள் எழுந்த பூமி. அவருடைய கொட்டகையில், வில்லை வளைத்து நாணைத் தளர்த்தும் வில் அழுத்தியும், வின்ச் வைத்த இழுபலகையும் இருக்கின்றன. வில்லைப் பலகையில் மாட்டி, வின்ச்சால் மெல்ல மெல்ல இழுத்து, இரண்டு கேம்களும் தங்கள் நிறுத்தத்தை ஒரே நேரத்தில் தொடுகின்றனவா என்று பார்த்தோம். கீழ்க்கேம் தொட்ட பிறகும் மேல்கேமுக்கு 3 மில்லிமீட்டர் மிச்சம் இருந்தது. நாணும் கேபிளும் ஒரு வருடத்தில் கொஞ்சம் நீண்டுவிடும். இரண்டும் ஒரே அளவு நீள்வதில்லை. ஒரு கேம் பிந்தினால் நாண் நேராக முன்னேறாமல் அம்பின் வாலை மேலும் கீழுமாக அசைத்துவிடும். வில்லை அழுத்தியில் வைத்து, ஒரு கேபிளில் அரை முறுக்கு ஏற்றினோம். பார்த்தோம். இன்னும் அரை முறுக்கு. இரண்டும் ஒன்றாகத் தொட்டன. அழுத்தி இல்லாமல் இந்த வேலையில் கை வைக்காதீர்கள். பூட்டிய வில்லில் தேங்கியிருக்கும் விசைக்குப் பற்களும் கண்களும் ஒரு பொருட்டில்லை.

பிறகு அடிப்படை அளவுகள். அம்பு நாணுக்குச் செங்கோணத்தில், ரெஸ்ட் பொருத்தும் துளையின் நடுவே போகும்படி நாணில் போடும் சிறு கயிற்று வளையமான டி-லூப்பைக் கட்டினேன். வில்லின் நடுச்சட்டமான ரைசரின் பக்கச் சுவரிலிருந்து தண்டின் நடுக்கோடு வரை 13/16 அங்குலம் வைத்தேன். இது பல வில்களுக்குப் பொருந்தும் தொடக்கப் புள்ளி, அவ்வளவே.

இறகு எங்காவது உரசுகிறதா என்பதும் தெரிய வேண்டும். அதற்கென்று தனிப் பொருள் தேவையில்லை. முகத்துக்குப் போடும் பவுடரைத் தண்ணீரில் குழைத்து இறகுகளில் பூசி உலரவிட்டு, ஒரு முறை எய்து பார்த்தேன். கீழ் இறகின் ஓரத்தில் பவுடர் சுரண்டப்பட்டிருந்தது. ரெஸ்ட்டின் கையிலும் வெள்ளைத் தடம். என் ரெஸ்ட், நாணை விட்டதும் கீழே விழுந்து அம்புக்கு வழிவிடும் வகை. அதை வில்லின் வளையும் கிளையோடு இணைக்கும் கயிறு தளர்ந்து, கை பிந்தி விழுந்துகொண்டிருந்தது. கயிற்றை 5 மில்லிமீட்டர் இழுத்துக் கட்டியதும் அடுத்த அம்பின் பவுடர் கலையாமல் திரும்பியது. இதைக் காகிதத்தில் கிழிசல் பார்த்து ஒருபோதும் கண்டுபிடித்திருக்க மாட்டேன்.

காகிதச் சோதனையையும் செய்யத்தான் செய்தேன். சட்டத்தில் இறுக்கிய காகிதத்தை இரண்டு மீட்டர் முன்னால் வைத்து, அதன் ஊடாக எய்தால் கிழிசலில் முனையும் வாலும் விட்ட தடம் தெரியும். ஒரே துளையும் மூன்று இறகுக் கீறலும் இருந்தால் நல்லது. என் வில் ஜூலையிலேயே அந்தத் தேர்வில் தேறியிருந்தது. அதை நம்பித்தான் ஏமாந்தேன். இறகுள்ள அம்பு இரண்டு மீட்டரில் நேராக இருந்தது என்பதை மட்டுமே காகிதம் சொல்லும். அந்தச் சோதனையே வேண்டாம் என்றில்லை. தொடங்க நல்ல இடம், முடிக்க மோசமான இடம்.

இறகைப் பிய்த்த மொட்டைத் தண்டு இன்னும் நேர்மையானது. திருத்துவதற்கு வாலில் ஒன்றும் இல்லாததால் வில் கொடுத்த கோணலை அப்படியே சுமந்துபோகும். 12 தண்டுகளையும் மொட்டையாக்கி, ஒவ்வொன்றையும் காகிதத்தின் ஊடாக எய்தேன். எட்டு ஒரே மாதிரிக் கிழித்தன. மற்ற நான்கிற்கு நாக்கைக் கால் திருகு திருப்பி மறுபடி எய்தேன். கார்பன் தண்டில் ஒரு பக்கம் மற்றதைவிடக் கொஞ்சம் விறைப்பாக இருக்கும். அந்தப் பக்கம் எல்லா அம்புகளிலும் ஒரே திசையைப் பார்க்க வேண்டும். மூன்று தண்டுகள் வழிக்கு வந்தன. ஏழாம் எண் நான்கு திசைகளிலும் முரண்டு பிடித்தது. அதை ஓரமாக வைத்தேன். மற்றவற்றுக்கு, சரியான நிலையை மையால் குறித்துவிட்டு இறகுகளை ஒட்டினேன்.

ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வெட்டுமுனைகளை மறுபடி எடுத்தேன். அம்புகளும் கேம்களும் ரெஸ்ட் கயிறும் சரியானதில் மட்டுமே 40 கஜ விலகல் ஒரு சாணிலிருந்து 11 செ.மீ.க்கு இறங்கியிருந்தது. வெட்டுமுனைக்காக ரெஸ்ட்டை இன்னும் நகர்த்தவே இல்லை.

இப்போதுதான் ரெஸ்ட். விதி எளிமையானது: வெட்டுமுனை குத்திய இடத்திலிருந்து பயிற்சிமுனை குத்திய இடத்தை நோக்கி ரெஸ்ட்டை நகர்த்து. வெட்டுமுனை தாழ்ந்திருந்தால் ரெஸ்ட்டை உயர்த்து. இடப்பக்கம் போனால் வலப்பக்கம் நகர்த்து. வெட்டுமுனையைத் துரத்திக்கொண்டு சைட்டைத் தொடக் கூடாது. நகர்த்தும் அளவு 1/64 அங்குலம், அதாவது 0.4 மில்லிமீட்டர். ஆலன் கீயைப் பிடித்த கைக்கு அது அசைவாகவே தெரியாது. ரெஸ்ட்டில் பென்சில் கோடு போட்டு, கோட்டின் தடிமனைக் கணக்கில் வைத்து நகர்த்தினேன். முதலில் மேல் கீழ். இரண்டு முறை உயர்த்தியதில் உயரம் ஒன்றானது. அப்புறம் பக்கவாட்டு. 11 செ.மீ. 8-ஆனது, 8 ஏழானது.

ஏழில் நின்றுவிட்டது. அடுத்த நாள் அதே அமைப்பில் 3, அதற்கடுத்த நாள் 9. மூன்று மாலைகள் ரெஸ்ட்டை வலமும் இடமுமாக நகர்த்தினேன். மகளின் நோட்டில் எண்கள் தாறுமாறாக ஏறி இறங்கின. இரும்பு இப்படி நடந்துகொள்ளாது என்று என் தொழில் புத்தி சொன்னது. ஒரே அமைப்பில் வைத்த இயந்திரம் நாளுக்கு ஒரு அளவு காட்டினால், மாறுவது இயந்திரத்தை இயக்குபவன்.

பெரியவரிடம் வில்லை நீட்டினேன். அவருக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே உயரம், இழுநீளத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. அவர் ஒன்றும் கேட்காமல் மூன்று பயிற்சிமுனைகளையும் மூன்று வெட்டுமுனைகளையும் எய்தார். ஆறும் ஒரு கைப்பிடிக்குள். வில்லைத் திருப்பிக் கொடுக்கும்போது என் இடக்கையைப் பிடித்து, உள்ளங்கையில் கட்டைவிரலைச் சுற்றி ஓடும் ரேகையை நகத்தால் தொட்டுக் காட்டினார். வில்லின் கனம் அந்த ரேகைக்கும் கட்டைவிரல் மேட்டுக்கும் நடுவில் உட்கார வேண்டும். ரேகையைத் தாண்டி உள்ளங்கையின் மற்ற பாதி பிடியைத் தொடவே கூடாது. நானோ நான்கு விரல்களாலும் கைப்பிடியை இறுக்கியிருந்தேன், மண்வெட்டிக் காம்பைப் பிடிப்பதைப் போல. ஒவ்வொரு முறை நாணை விடும்போதும் என் கை வில்லை ஒரு மயிரிழை திருகிவிடுகிறது. களைத்த நாளில் அதிகமாக, புத்துணர்வான நாளில் குறைவாக. பயிற்சிமுனை அதை ஒரு வருடமாக மறைத்து வைத்திருந்தது.

திருகல் எப்போதும் ஒரே அளவாக இருந்தால் அதற்கேற்ப ரெஸ்ட்டை வைத்துவிடலாம் என்பார் சிலர். ஒத்துக்கொள்ள முடியாது. நவம்பர் குளிரில் கையுறை போட்டு, மரத்தின் மேல் 15 அடி உயரத்தில் சேணம் கட்டிக்கொண்டு, இடுப்பை வளைத்து எய்யும்போது என் கை அதே அளவுதான் திருகும் என்று யார் உத்தரவாதம் கொடுப்பது?

பத்து நாள் குறிக்கட்டையே இல்லை. மூன்று கஜம் முன்னால் வைக்கோல் கட்டு, கண்ணை மூடிக்கொண்டு எய்தல், கையை மட்டும் கவனித்தல். விரல் கணுக்கள் 45 பாகையில் சரிந்து, சுண்டுவிரல் தளர்ந்து தொங்க வேண்டும். மணிக்கட்டில் ஒரு வார்க்கயிறு மாட்டிக்கொண்டேன். வில் விழுந்துவிடுமோ என்ற பயம்தான் விரல்களை இறுக்குகிறது. கயிறு அந்தப் பயத்தை எடுத்துவிட்டது. நாணை விட்டதும் வில் தானாக முன்னால் துள்ளிக் கயிற்றில் தொங்கினால் சரி. முதல் நாள் 40 அம்புகளில் ஆறு முறை துள்ளியது. பத்தாம் நாள் 31.

செப்டம்பர் முதல் வாரம் மறுபடி 40 கஜம். ரெஸ்ட்டை என் திருகலுக்காக நகர்த்திய தூரமெல்லாம் இப்போது அதிகப்படியாகி, வெட்டுமுனைகள் வலப்பக்கம் போயின! சிரிப்புதான் வந்தது. 0.4 மில்லிமீட்டர் இடப்பக்கம், இன்னொரு முறை 0.4. அன்றைய மாலையில் மூன்றும் மூன்றும் கலந்து குத்தின. வெட்டுமுனைக் கூட்டத்தின் நடுவுக்கும் பயிற்சிமுனைக் கூட்டத்தின் நடுவுக்கும் இரண்டு விரல் இடைவெளி. அதற்குக் கீழே என் கைக்குத் திறமை இல்லை, நிறுத்திவிட்டேன். ரெஸ்ட்டின் திருகாணிகளை இறுக்கி, வெள்ளை மையில் கோடு போட்டேன். கடைசியாகத்தான் சைட்டைத் தொட்டேன்: 20, 30, 40 மூன்று ஊசிகளையும் புதிதாக வைத்தேன்.

கொசுறாகச் சில. வெட்டுமுனைகளை ஒரே புள்ளியில் எய்யாதீர்கள். நான் ஒரே மாலையில் இரண்டு அம்புகளின் இறகுகளை அறுத்துக்கொண்டேன். அப்புறம் கட்டையில் மூன்று தனிப் புள்ளிகள் வைத்தேன். முனையைத் திருக அதற்கென்று கொடுத்த சாவியைப் பயன்படுத்துங்கள். விரலால் பிடித்துத் திருகினால் மருத்துவமனைதான். கட்டையிலிருந்து பிடுங்கிய ஒவ்வொரு தண்டையும் காதருகே பிடித்து லேசாக வளைத்துப் பாருங்கள். கிறுக்கென்று சத்தம் வந்தால் அதை முறித்துப் போட்டுவிடுங்கள். பயிற்சியில் நுரைக்குள் போன தகடு மழுங்கியிருக்கும். என் முனையின் மூன்று விளிம்புகளில் இரண்டை ஒரே நேரத்தில் சாணைக்கல்லில் தட்டையாகப் படியவைத்துத் தேய்க்க முடிகிறது, தனிக் கோணம் பிடிக்க வேண்டியதில்லை. விளிம்பில் கறுப்பு மை பூசித் தேய்த்தால் எங்கே படவில்லை என்பது தெரிந்துவிடும். இழுத்துப் பிடித்த ரப்பர் வளையத்தை, அழுத்தாமல் வைத்ததும் அறுக்கிற முனைதான் அம்பறாத்தூணிக்குள் போகிறது.

காலம் திறந்த முதல் சனிக்கிழமை விடியலில் மரத்தின்மேல் இருந்தேன். ஒன்பது மணிக்கு ஒரு பெண்மான், சோளத்தின் ஓரமாக, 45 கஜத்தில் வந்து நின்று காதை அசைத்தது. நான் பழகியது 40 வரை. நாணைத் தொடவில்லை. அது மேய்ந்துவிட்டு ஆற்றுப்பக்கம் இறங்கிப் போனது. வீட்டுக்கு வந்ததும் தூணியில் இருந்த ஐந்து அம்புகளையும் வி-பிளாக்கில் உருட்டிப் பார்த்தேன். முள் அசையவில்லை.

ஏழாம் எண் தண்டுக்கு முனையும் நாக்கும் கழற்றிவிட்டு, மகள் அதைக் கொல்லையில் அவரைக்கொடியின் பக்கத்தில் நட்டிருக்கிறாள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதையும் 'மாற்றம்' கட்டத்தில்தான் எழுதியிருக்கிறாள்.